குப்புறக் கிடந்த இருபத்து நான்கு கண்ணாடிகள்

"ஏஞ்சார், எல்லாத்தையும் குப்புறப் போட்டு வச்சிருக்கீங்க?"

போர்டு எழுதும் ஸ்தனிஸ்லாஸ் இப்படிக் கேட்டபோது சனிக்கிழமை காலை மணி பத்தேகால். சென்னையிலிருந்து டாக்டர் ரோஸ்மேரி திண்டுக்கல் ஸ்டேஷனில் வந்து இறங்க இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது.

கிதர் முகம்மது சிரித்தான். எதற்குச் சிரித்தோம் என்று பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறான். ஐந்து வருஷ உழைப்பு தலையில் இடிந்து விழும்போது சிரித்துக்கொண்டு நின்றவன் ஜில்லாவிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"அது விஞ்ஞானம், ஸ்தனிஸ். உனக்குப் புரியாது" என்றான்.

புரியாமல் இருந்தது யாருக்கு என்பதைச் சொல்வதற்கு முன்னால், இந்தக் கிதர் முகம்மது யார் என்று சொல்லிவிட வேண்டும்.

உள்ளூர்க் கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டர். பாடம் நடத்தும் பேராசிரியருக்கும் சோதனைக் குழாய் கழுவும் ஆளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி உண்டே, அதில் பத்து வருஷமாக உட்கார்ந்திருப்பவன். வயது முப்பத்து நாலு. தகப்பனார் அக்பர் அலிக்கு பேகம்பூர் பக்கம் தோல் ஷாப். ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதனிட்டு மெட்ராசுக்கு அனுப்புகிற தொழில். பையன் எம்.எஸ்ஸி. படித்ததே ஷாப்பை விருத்தி செய்யத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பையன் நினைத்தது வேறு.

அந்த ஆவாரம்பட்டைக்குள் என்னதான் இருக்கிறது? தோலைக் கெடாமல் காக்கிற அந்தச் சரக்கின் உருவம் என்ன? அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இதுதான் கிதருக்குப் பிடித்த பைத்தியம்.

பார்க்க முடியாத அளவுக்குச் சின்னது அது. ஊசி முனையில் கோடானுகோடி மூலக்கூறுகள் உட்காரும். அதனால் குறுக்கு வழி ஒன்று உண்டு. சரக்கைக் கற்கண்டு போல உறைய வைத்து, அதன்மேல் எக்ஸ்ரே பாய்ச்சினால், பிலிமில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட வேண்டும். அது சாதாரணக் கணக்கு இல்லை. கிதர் இரண்டு கோடை விடுமுறையில் சென்னைக்குப் போய் டாக்டர் ரோஸ்மேரியின் ஆய்வுக்கூடத்தில் படம் பிடித்து வந்தான். அடுத்த மூன்று கோடை விடுமுறையும் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, நம்பர் அச்சடித்த அட்டைப் பட்டைகளைப் பரப்பி, கூட்டிக்கொண்டே இருந்தான். அவன் மனைவி சைதூன் வெங்காயம் உரித்துக்கொண்டே நம்பர்களை வாசிப்பாள். அவன் எழுதுவான். அவள் நடுவில் நிறுத்தி, "முந்தின வரியில தப்பாக் கூட்டியிருக்கீங்க" என்பாள். பெரும்பாலும் அவள் சொன்னதே சரியாக இருந்தது என்பதை அவன் எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை.

கணக்கின் முடிவில் கிடைத்தது இருபத்து நான்கு வரைபடங்கள். சிறுமலையின் உயரத்தைக் காட்ட வரைபடத்தில் வளையம் வளையமாகக் கோடு போடுவார்களே, அந்த மாதிரி. ஒவ்வொன்றும் மூலக்கூற்றின் ஒரு துண்டம். பூசணிக்காயைக் கீற்றுக் கீற்றாக நறுக்கினால் ஒவ்வொரு கீற்றிலும் ஒரு வடிவம் தெரியும் இல்லையா? இருபத்து நான்கு கீற்றையும் கண்ணாடித் தகட்டில் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக இடைவெளி விட்டு அடுக்கி, கீழே ஒரு விளக்கை வைத்தால், முழுப் பூசணியும் அந்தரத்தில் மிதக்கும். சீமையில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று படித்திருந்தான்.

கண்ணாடியில் கோடு போட ஊரிலேயே சுத்தமான கை ஸ்தனிஸ்லாஸுடையது. ஜவுளிக்கடை, நகைக்கடை, லாலா மிட்டாய்க்கடை என்று பாதி பஜாரின் கண்ணாடி போர்டு அவன் எழுதியது. காகித வரைபடங்களை அவனிடம் கொடுத்தான். அவன் அவற்றில் தேங்காயெண்ணெய் தடவி, கண்ணாடிக்கு அடியில் வைத்து, இருபத்து நான்கு தகட்டிலும் முடியிழை மாதிரிக் கோடு போட்டுத் தந்தான். கிதர் தகடுகளை மரச்சட்டத்தில் அடுக்கி விளக்கைப் போட்டான்.

தெரிந்தது!

அன்றைக்கு அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் காதர் பீவி திருடன் என்று நினைத்து உலக்கையோடு ஓடி வந்தாள்.

தெரிந்ததைப் பார்த்து மாடல் செய்ய வேண்டும். பித்தளைக் கம்பியும் பித்தளைக் குண்டும் வைத்துச் செய்து கொடுத்தவர் பூட்டுப் பட்டறைக் காத்தமுத்து. பூட்டுக்காரர் கை. எதைச் செய்தாலும் பிரிக்க முடியாது. "தம்பி, சம்மட்டியால அடிச்சாலும் ஒரு குண்டு கழறாது பாத்துக்க" என்று சொல்லி, ஒவ்வொரு மூட்டையும் பற்றவைத்துக் கொடுத்தார்.

அந்த மாடலை வைத்துக்கொண்டு ஒரு மாதம் உற்றுப் பார்த்தபோதுதான் கிதர் கண்டுபிடித்தான், தன் வாழ்நாளின் மகத்தான கண்டுபிடிப்பை. மூலக்கூற்றின் ஒரு ஓரத்தில் சர்க்கரைத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது விசேஷமில்லை, செடிகொடிகளில் சகஜம். விசேஷம் என்னவென்றால், அது திரும்பியிருந்தது.

சர்க்கரையை ஒரு செருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது, வலது இரண்டுக்கும் அதே தோல், அதே தையல், அதே ஆணி. ஆனாலும் ஒன்று மற்றொன்றின் காலில் ஏறாது. உலகத்தில் உள்ள செடி, கொடி, ஆடு, மாடு, மனிதன் எல்லாம் வலதுகால் செருப்பை மட்டுமே செய்கிற சர்க்கரைக் கம்பெனிகள். கிதரின் ஆவாரஞ்செடி மட்டும் இடதுகால் செருப்பைச் செய்திருந்தது!

வேறு ஒருவனாக இருந்தால் 'எங்கேயோ தப்பு' என்று நினைத்திருப்பான். கிதர் நினைத்தது 'எங்கேயோ பரிசு.'

அன்றைக்கே டாக்டர் ரோஸ்மேரிக்கு ஒன்பது பக்கக் கடிதம் எழுதினான். கல்லூரி முதல்வருக்கு ஒன்று. தன்னை ஒருகாலத்தில் பெயில் ஆக்கிய வாத்தியாருக்கு ஒன்று. மொத்தம் பதினோரு கடிதம். கூடவே, தான் பள்ளிக்கூட நாளிலிருந்து துப்பறியும் தொடர்கதை படித்து வந்த வாரப்பத்திரிகைக்கும் ஒரு குறிப்பு. அவர்கள் அதை 'திண்டுக்கல் விஞ்ஞானியின் இடக்கைச் சர்க்கரை' என்று கொட்டை எழுத்தில், ஊறுகாய் விளம்பரத்துக்கு மேலே போட்டார்கள்.

டாக்டர் ரோஸ்மேரியின் பதில் நாலே வரி. 'நேரில் வருகிறேன். மாடலையும் தகடுகளையும் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் என் கூடத்தில் மூன்று வருஷ ஆராய்ச்சி வேலை உங்களுக்கு. ஞாயிறு காலை ரயில்.'

அக்பர் அலியும் ஒரு பதில் சொன்னார். அது ஒரே வரி. "அந்தம்மா வேலை குடுத்தா போ. குடுக்கலன்னா திங்கக்கிழமை காலையில ஷாப்புல வந்து உக்காரு, அம்புட்டுதான்."

சொன்னாரே தவிர, மனிதருக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. வாசலில் மாட்ட ஸ்தனிஸ்லாஸிடம் ஒரு கண்ணாடி போர்டுக்குச் சொல்லியிருந்தார். 'இடக்கைச் சர்க்கரை கண்ட மேதை இல்லம். வருக!' அந்தப் போர்டைக் கொண்டு வந்த இடத்தில்தான் ஸ்தனிஸ்லாஸ் ஜன்னலோரம் இருந்த அடுக்கைப் பார்த்து, அந்தக் கேள்வியைக் கேட்டான்.

*

"விஞ்ஞானமோ என்னமோ சார். கண்ணாடிக்கு முகம் முதுகு உண்டா இல்லையா?"

"பெயின்ட் இருக்கிற பக்கம் முகம்" என்றான் கிதர், வகுப்பில் சொல்கிற குரலில்.

ஸ்தனிஸ்லாஸ் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு, கொண்டு வந்திருந்த போர்டின் மேல் சுற்றியிருந்த பழைய பேப்பரை உரித்தான். வழுவழுப்பான பக்கத்தைக் கிதரின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"படிங்க."

"இடக்கைச் சர்க்கரை கண்ட மேதை இல்லம்."

"தொட்டுப் பாருங்க. பெயின்ட் இருக்கா?"

கிதர் தடவினான். வெறும் கண்ணாடி. குளிர்ந்திருந்தது.

"பெயின்ட் பின்னாடி இருக்கு சார். முன்னாடி எழுதினா ஒரு வருசத்துல தூசி தட்டித் தட்டியே போயிரும்ல? அதான் முதுகுல, திருப்பி எழுதுவோம். முகத்துல நேராத் தெரியும்." போர்டைத் திருப்பினான். பெயின்ட் பக்கம் முன்னால் வந்தது. எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடியது. "இப்பப் படிங்க பாப்போம்."

கிதர் படிக்கவில்லை. அவன் பார்வை மெதுவாக ஜன்னலோரத்து அடுக்குக்குப் போயிற்று. இருபத்து நான்கு தகடு. இருபத்து நான்கிலும் பெயின்ட் பக்கம் மேலே. அவனே தன் கையால் பார்த்துப் பார்த்து வைத்தது.

ஒவ்வொரு கீற்றையும் தனித்தனியாகக் குப்புறப் போட்டு, வரிசையை மட்டும் மாற்றாமல் அடுக்கினால் என்ன கிடைக்கும்? எஸ்.எஸ்.எல்.சி. பையன்கூடச் சொல்லுவான். வலதுகால் செருப்பு இடதுகால் செருப்பாகிவிடும்.

"நீ... நீ ஏன் இதை முன்னாடியே சொல்லலை?" கிதரின் குரல் கீச்சென்று வந்தது.

"சொல்லணுமா சார்? சிவப்புப் பொட்டு வச்சிருந்தேனே. ஒவ்வொரு கண்ணாடியிலயும், வலது கீழ் மூலையில. மாட்ட வர்ற ஆளுக்கு முகம் எதுன்னு தெரியணும்ல? பஜார்ல எந்தப் போர்டுல வேணாலும் பாருங்க, பொட்டு வலது கீழ் மூலையில இருந்தா முகம் உங்களைப் பாக்குதுன்னு அர்த்தம்."

பொட்டு!

கிதருக்கு ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. சிந்திய பெயின்ட் என்று நினைத்து, படத்தில் இல்லாத அணு ஒன்று முளைத்துவிடக் கூடாதே என்ற விஞ்ஞான எச்சரிக்கையோடு, இரண்டு நாள் உட்கார்ந்து, இருபத்து நான்கு பொட்டையும் சவர பிளேடால் சுரண்டி எடுத்திருந்தான். ஒரு பாக்கெட் பிளேடு செலவு. விரலில் இரண்டு வெட்டு.

"சுரண்டிட்டீங்களா!" ஸ்தனிஸ்லாஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

*

ஸ்தனிஸ்லாஸ் போனதும் கிதர் முதலில் செய்த வேலை, காகித வரைபடங்களைத் தேடியது. அலமாரியில் இருந்தன. எண்ணெய் குடித்த காகிதத்துக்கு ஏது முன்பக்கம் பின்பக்கம்? எந்தப் பக்கம் பார்த்தாலும் கோடு பளிச்சென்று தெரிந்தது. ஆனால் மூலையில் அவனே பென்சிலில் போட்டிருந்த நம்பர் சாட்சி சொல்லியது. நம்பர் நேராகத் தெரியும்படி வைத்துத் தகட்டோடு ஒட்டிப் பார்த்தான். ஸ்தனிஸ்லாஸ் சொன்னது சரி. ஒவ்வொன்றும் சரி.

இரண்டாவது வேலை, யோசித்தது. தொடர்கதை படித்து வளர்ந்த மூளை. வேகமாக வேலை செய்தது.

காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தம்மாள் மாடலைப் பார்க்கத்தானே வருகிறாள், அவனையா? மாடலைக் காணோம் என்று போலீசில் எழுதி வைக்கலாம். பித்தளைக்கு ஆசைப்பட்டு எவனோ தூக்கிவிட்டான் என்றால் ஊர் நம்பும். ஆனால் காத்தமுத்துவைத்தான் முதலில் பிடிப்பார்கள். மாடலைப் பிரித்துத் திருப்பிச் செய்யலாமா? சம்மட்டியால் அடித்தாலும் கழறாது. அவரே சொல்லியிருக்கிறார்.

சரி, பேசாமல் இருந்துவிட்டால்? மாடல் தானாகப் பொய் சொல்லாது. எக்ஸ்ரே படத்தை வெறுங்கண்ணால் பார்த்து இடது வலது சொல்ல முடியாது. அந்தம்மாளுக்கு இந்த மரச்சட்டத்தின் கதையும் தெரியாது. அலமாரிக் காகிதங்களை அவள் கேட்கவே இல்லை. காட்டிக் கொடுக்கக் கூடியவை இந்தத் தகடுகள்தான். இவை மட்டும் இல்லாமல் போனால்...

கண்ணாடிதானே. கை தவறுவது சகஜம்.

சட்டத்தோடு தூக்கினான். கனத்தது. நெஞ்சில் அணைத்துக்கொண்டு அடுப்படி தாண்டிப் பின்பக்கம், கிணற்றடிக் கல்தளத்துக்கு வந்தான்.

சைதூன் அங்கே மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அதைத் தூக்கிட்டு வாரீங்க?"

"கழுவ."

"ஆயில் பெயின்ட்டு தண்ணியில போகாதே."

"தூசி."

சைதூன் மீனை விட்டுவிட்டு எழுந்தாள். ஸ்தனிஸ்லாஸ் பேசியதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது. சின்ன வீடு. "உங்க முழங்கையைப் பாருங்க. ஏற்கெனவே கை தவறுற மாதிரியே வச்சிருக்கீங்க."

கிதர் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"மூணு கோடை நான் வாசிச்ச நம்பரு அதுல இருக்கு" என்றாள் சைதூன். குரல் உயரவில்லை. "சின்னவன் வயித்துல இருக்கிறப்ப ஒம்பதாம் மாசத்துலயும் வாசிச்சேன். உங்க கை தவறலாம். என் நம்பரு ஒண்ணு தவறலை. அதைப் போட்டு உடைச்சீங்கன்னா, சத்தியமாச் சொல்றேன், நாளைக்கு வர்ற அம்மாகிட்ட நானே முழுசும் சொல்லுவேன்."

"சொன்னா வேலை போச்சு சைது. திங்கக்கிழமை தோல் ஷாப்பு."

"தோல் ஷாப்புல உக்காந்தவங்க சோறுதான் நீங்க எம்.எஸ்ஸி. வரைக்கும் தின்னீங்க. உள்ள கொண்டு போய் வைங்க. மீன் நாறுது உங்க விஞ்ஞானத்து மேல."

உள்ளே கொண்டு போய் வைத்தான். இந்த வீட்டில் துப்பறியும் மூளை யாருக்கு என்ற சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

கை கழுவிக்கொண்டு வந்த சைதூன், மறுநாளைக்கு அவனுக்கு வெள்ளைச் சட்டை எடுக்க பீரோவைத் திறந்தாள். கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த பீரோ, கதவில் ஆளுயரத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி பதித்தது. கதவு திரும்பியபோது கூடத்து மேஜையில் இருந்த பித்தளை மாடல் அதில் விழுந்தது.

கிதர் அப்படியே நின்றான்.

கண்ணாடிக்குள் இருந்த மாடலில் சர்க்கரைத் துண்டு ஊர் உலகத்துச் சர்க்கரையைப் போலவே வலதுகால் செருப்பாக, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அடக்கமான, சாதாரணமான, எந்தப் பத்திரிகையும் சீந்தாத சர்க்கரை. மற்ற ஒவ்வொரு அணுவும் ஒவ்வொரு மூட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"கதவைச் சாத்தாதே" என்றான்.

*

ஞாயிறு காலை அக்பர் அலியே குதிரை வண்டி வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றதும் முதலில் இறங்கியது குடை. அதன் பின்னால் டாக்டர் ரோஸ்மேரி. ஐம்பது வயது, வெள்ளைக் கைத்தறிப் புடவை, எதையும் நம்பாத மூக்குக்கண்ணாடி.

அக்பர் அலி நிலைப்படிக்கு மேலே பார்த்துவிட்டு அலறினார். "ஏலே! போர்டைத் திருப்பி மாட்டியிருக்கு! யாரு பாத்த வேலை இது?"

"நான்தான் அத்தா."

"அறிவிருக்கா? எழுத்து திரும்பியில்ல கிடக்கு!"

"சேதியும் திரும்பித்தான் கிடக்கு அத்தா. உள்ள வாங்க, சொல்றேன்."

டாக்டர் ரோஸ்மேரி அண்ணாந்து அந்தத் திரும்பிய எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். மேதை என்ற இடத்தில் செத்த நேரம் தயங்கினார். பிறகு குடையை மடக்கினார்.

உள்ளே வந்தவர் நேராக மேஜைக்குப் போனார். கிதர் குறுக்கே வந்து நின்றான். இரவு முழுக்க மனப்பாடம் செய்த பேச்சு மறந்து போயிற்று. வந்தது இவ்வளவுதான்:

"டாக்டர், மாடலைப் பார்க்காதீங்க. பீரோவைப் பாருங்க."

டாக்டர் பீரோவைப் பார்த்தார். கதவுக் கண்ணாடியில் பித்தளை மின்னியது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

கிதர் சொல்லி முடித்தான். போர்டு, பெயின்ட், முகம், முதுகு, சிவப்புப் பொட்டு, சவர பிளேடு. கிணற்றடியை மட்டும் விட்டுவிடப் பார்த்தான். அடுப்படி வாசலில் சைதூன் கரண்டியோடு நிற்பது தெரிந்தது. அதையும் சொன்னான்.

வாசலில் குதிரை மணியை ஆட்டியது.

"பெங்களூர்ல போன வாரம் ஒரு மீட்டிங்" என்றார் டாக்டர் ரோஸ்மேரி கடைசியில். "நூத்தம்பது பேர். இடக்கைச் சர்க்கரையைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசிட்டு வந்திருக்கேன். எழுந்து நின்னு கை தட்டினாங்க."

நூற்றைம்பது பேருக்கு முன்னூறு கை என்று கிதர் கணக்குப் போட்டான்.

"அந்தப் பட்டைச் சர்க்கரையைத் தனியாப் பிரிச்சு, வெளிச்சத்தை எந்தப் பக்கம் திருப்புதுன்னு ஒரு குழாய்ல ஊத்திப் பார்த்திருந்தா அரை நாள்ல தெரிஞ்சிருக்கும். ரசாயனம் சொல்லிக் கொடுக்கிற நீங்களும் பார்க்கலை. உங்களை நம்பின நானும் பார்க்கலை." மூக்குக்கண்ணாடி அவன் பக்கம் திரும்பியது. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு முட்டாள் ஆகியிருக்கோம், மிஸ்டர் கிதர். பங்கு யாருக்கு எவ்வளவுன்னு வண்டியில யோசிக்கிறேன்."

அக்பர் அலிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, அப்ப நம்ம ஆவாரம்பட்டைக்குள்ள இருக்கிறது ஊர்ல இருக்கிற அதே சர்க்கரைதானா?"

"அதேதான்."

"இதைச் சொல்லவாடா அஞ்சு வருசம்!"

"மூணு வருஷ வேலை இல்லை" என்றார் டாக்டர், கிதரிடம். "அது புதுசு கண்டுபிடிச்சவருக்குன்னு மேலிடத்துல எழுதி வாங்கினது. எழுதின காகிதத்தைத் திருப்பி மாட்ட முடியாது."

"தெரியும் டாக்டர்."

"திங்கக்கிழமை எட்டு மணி" என்றார் அக்பர் அலி, சந்தர்ப்பத்தை விடாமல்.

சைதூன் இடியாப்பமும் கோழி ஆணமும் கொண்டு வந்து வைத்தாள். டாக்டர் ரோஸ்மேரி உட்கார்ந்தார். ஆனால் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர், நாற்காலியைத் தானாகவே மெதுமெதுவாகத் திருப்பிக்கொண்டு பீரோவுக்கு நேரே வந்துவிட்டார். கண்ணாடிக்குள் இருந்த மாடலைப் பார்த்தார். எழுந்து போய் ஒரு மூட்டை விரலால் அளந்தார். திரும்பி வந்து இன்னொரு இடியாப்பம் போட்டுக்கொண்டார்.

"கணக்கு யார் சரி பார்த்தது? ஒரு அணுகூட அரை நூல் நகரலையே."

"அவங்க" என்றான் கிதர், அடுப்படியைக் காட்டி. ஐந்து வருஷத்தில் அவன் வெளியிட்ட முதல் உண்மையான ஆராய்ச்சி முடிவு அதுதான்.

"அந்தப் பெயின்டரைக் கூப்பிட முடியுமா?"

ஸ்தனிஸ்லாஸ் மாதா கோயில் பூசை முடிந்து, புதுச் சட்டையோடு, பயந்துகொண்டே வந்தான். டாக்டர் அவனை உட்கார வைத்து, கண்ணாடிக்கு முகம் எது, பொட்டு எந்த மூலையில், ஏன் அந்த மூலையில், போர்டைத் தலைகீழாக மாட்டினால் பொட்டு எங்கே போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் சொல்லச் சொல்ல, கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். கிதர் ஒன்பது பக்கம் எழுதிய கடிதத்துக்குக்கூட அவர் அடிக்கோடு போட்டதில்லை. ஸ்தனிஸ்லாஸின் பொட்டுக்கு இரண்டு கோடு போட்டார்.

பிறகு நோட்டை மூடினார்.

"மிஸ்டர் கிதர், மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்னு ஒரு இயந்திரம் வந்திருக்கு. நீங்க மூணு கோடையில கூட்டினதை அது ஒரு பகல்ல கூட்டிடும். அட்டையில ஓட்டை போட்டு, என்ன செய்யணும்னு வரி வரியா எழுதிக் கொடுத்தா, மூலக்கூற்றை இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம்னு எந்தப் புள்ளி எங்கே வரணும்னு கணக்குப் போட்டுத் தரும். கண்ணாடித் தகடே வேண்டாம். ஒரே கஷ்டம், அதுக்கு முகம் எது முதுகு எதுன்னு தெரியாது. யாராவது சொல்லிக் கொடுக்கணும். என் கூடத்துல எல்லாரும் புத்திசாலிங்க. இந்தத் தப்பைச் செய்யவே மாட்டோம்னு நினைக்கிறவங்க. அவங்ககிட்ட அந்த வேலையைக் கொடுக்க எனக்குப் பயமா இருக்கு."

கிதர் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தான்.

"ஒரு வருஷ வேலை. உதவியாளர். டெமான்ஸ்ட்ரேட்டரைவிடச் சம்பளம் குறைச்சல். ஒரு நிபந்தனை. பதினோரு பேருக்குக் கடிதம் எழுதினீங்க இல்லையா? என்னையும் சேர்த்து அந்தப் பதினோரு பேருக்கும், நடந்ததை நடந்தபடி, உங்க கையால மறுபடி எழுதணும். பெங்களூருக்கு நான் எழுதிக்கிறேன்."

"அந்தக் கிணத்தடி?"

"அது வேண்டாம். அது உங்க வீட்டு விஷயம்."

அக்பர் அலி நெடுநேரம் தாடியைத் தடவினார். மகனைப் பார்த்தார், மாடலைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார். "ஒரு வருசம்" என்றார். "அப்புறம் ஷாப்பு. அந்த மிஷினுக்குச் சொல்லிக் குடுக்கிறதை இந்தப் பயலுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கம்மா."

*

ஒரு வருஷம் மூன்றாயிற்று. கிதர் சைதூனோடும் பீரோவோடும் சென்னைக்குக் குடிபோனான். ஷாப்பை அவன் தம்பி பார்த்துக்கொண்டான்.

கிதர் எழுதிய வரிகள் சில நூறு அட்டைகளில் ஓட்டைகளாக நின்றன. சைதூன் அதையும் வாசித்துச் சரி பார்த்தாள். இயந்திரம் புள்ளிகளைச் சொல்ல, அவன் கோடு இழுப்பான். இரண்டு படத்தையும் மாறுகண் வைத்துப் பார்த்தால் மூலக்கூறு காகிதத்தை விட்டு எழும்பி நிற்கும். மாறுகண் அவனுக்கு நிரந்தரமாகிவிடும் என்று சைதூனுக்கு ஒரே கவலை. அந்த அட்டைக் கட்டில் முதல் அட்டை, எந்த மூலக்கூறாக இருந்தாலும் சரி, வலது கீழ் மூலையில் ஒரு வட்டம் போடு என்று சொல்லியது. அந்த வட்டத்துக்குக் கிதர் சிவப்பு மை தொட்டு வைப்பான். ஏன் என்று கேட்டவர்களிடம் "திண்டுக்கல் பஜார் வழக்கம்" என்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் ஆவாரம்பட்டை மூலக்கூற்றின் சரியான படம் வெளிவந்தது. அந்தப் பழைய வாரப்பத்திரிகைக்கும் அவன் ஒரு பிரதி அனுப்பினான், மூன்று வருஷத்துக்கு முந்தைய செய்தி தவறு என்ற ஒரு பக்க விளக்கத்தோடு. பன்னிரண்டாவது கடிதம் அது. பாக்கி இருந்த ஒரே கடன்.

அடுத்த வாரமே போட்டுவிட்டார்கள். படம் அரைப் பக்கம். கூடவே உதவி ஆசிரியரிடமிருந்து அன்பான ஒரு தபால் கார்டு:

'தங்கள் படத்தின் ஓரத்தில் சிவப்பு மைக் கறை ஒன்று இருந்தது. அச்சுக்கு பிளாக் செய்யும்போது சுத்தமாக நீக்கிவிட்டோம்.'

கிதர் பத்திரிகையைப் பிரித்தான். படத்தை உற்றுப் பார்த்தான். பொட்டு இல்லை. பிளாக் செய்தவர் பிலிமைக் குப்புறப் போட்டிருந்தார். திண்டுக்கல் ஆவாரஞ்செடி, மூன்று லட்சம் வாசகர்களின் முன்னால், மறுபடியும் இடக்கைச் சர்க்கரையைக் காய்த்து நின்றது.

அவன் பத்திரிகையை விரித்தபடியே எழுந்தான். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"சைது, அந்த பீரோக் கதவைச் செத்தத் திற."